ஷீட்டுக்கு வெள்ளை அடிக்கலாம், ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் வேண்டாம்

கேள்வி: வியாசர்பாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறை எங்கள் சொந்த வீடு. மத்தியான வெயிலில் மாமியாரும் கைக்குழந்தையும் உள்ளே இருக்க முடியவில்லை. 'கூல் ரூஃப் பெயின்ட் அடித்தால் பதினைந்து டிகிரி குறையும், மானியம் உண்டு' என்று ஒருவர் வருகிறார். 18,000 ரூபாய் கேட்கிறார், அதில் பாதி அட்வான்ஸாம். கொடுக்கலாமா?

பதில்: அவரிடம் கொடுக்காதீர்கள். ஆனால் வெள்ளை அடியுங்கள்.

அழுக்கேறிக் கறுத்த ஷீட் வெயிலைக் குடித்துச் சூடாகிறது. அந்தச் சூடு அப்படியே உங்கள் தலையில் இறங்குகிறது. உங்கள் வீட்டில் அனல் வீசுவது பெரும்பாலும் மேலேயிருந்துதான். வெளியே நல்ல வெள்ளைப் பூச்சு இருந்தால் வெயிலின் பெரும் பங்கு திரும்பிப் போய்விடும். அகமதாபாத்தில் 2017-இலேயே குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடித்துப் பார்த்தார்கள். புதிய வித்தை ஒன்றும் இல்லை.

எவ்வளவு குறையும்? அறைக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி. பதினைந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நீட்டிச் சிவப்புப் புள்ளி காட்டியிருப்பாரே, அதிலிருந்து. அது ஷீட்டின் மேல்தோலின் சூட்டைத்தான் அளக்கும். ஓர் ஓரத்தில் வெள்ளை அடித்துவிட்டு, அடித்த இடத்தையும் அடிக்காத இடத்தையும் சுட்டுக் காட்டினால் பதினைந்து, இருபது டிகிரி வித்தியாசம் நிஜமாகவே வரும். ஆனால் குழந்தை படுத்திருப்பது ஷீட்டின் மேல் இல்லையே. அந்த எண்ணை அறைக்குள் குறையும் சூடு என்று சொல்லி விற்பதுதான் இவர்கள் பிழைப்பு. 

மானியப் பேச்சும் அப்படித்தான். அரசாங்கத் திட்டம் எதுவானாலும் வாசலில் வந்து ரொக்கமாகப் பாதி அட்வான்ஸ் கேட்காது. ஆதார் ஜெராக்ஸைக்கூட நீட்டிவிடாதீர்கள். வார்டு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். இன்னொரு தந்திரம், சாதா டிஸ்டம்பரில் தண்ணீரை ஊற்றிப் பெருக்கி இரண்டு கோட் இழுத்துவிடுவது. காய்ந்த பிறகு விரலால் தேய்த்து மாவு மாதிரி ஒட்டினால் முதல் மழையோடு போய்விடும். கடையில் வெளிச்சுவர், கூரைக்கென்று வரும் வெள்ளைப் பூச்சாக வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். ஷீட் வளைந்து வளைந்து போவதால் கணக்குக்கு மேல் கொஞ்சம் கூட வாங்குங்கள். தெரிந்த பெயின்டருக்குத் தனியாகக் கூலி. ஏஜென்ட் கேட்ட 18,000-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி நான் சொல்வதில் அவசரம் காட்டாதீர்கள். ஷீட் மேல் யாரும் ஏறி நிற்கக் கூடாது. பழைய ஷீட் பார்க்கத் திடமாக இருக்கும், மிதித்தால் அப்பளம். என்னோடு வேலைக்கு வந்த ஒருவர், 'சார், இருபது வருஷமா ஏறுறேன்' என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஏணியில் நின்று நீளக் கழியில் ரோலரைக் கட்டி அடிப்பதுதான் நல்லது. ஏறியே ஆக வேண்டுமென்றால், போல்ட் வரிசையாகத் தெரியும் இடத்துக்கு அடியில்தான் ஷீட்டைத் தாங்கும் கம்பி ஓடும். இரண்டு வரிசைக்குக் குறுக்கே அகலப் பலகை போட்டு அதன் மேல் மட்டும்தான் நகர வேண்டும். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டவே வேண்டாம். காய்ந்த ஷீட்டைச் சுரண்டினால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி பறக்கும், அது நுரையீரலுக்கு ஆகாது. நன்றாக நனைத்து, ஈரத்திலேயே துடைப்பத்தால் மெல்லத் தேய்த்து, காய்ந்த பிறகு பூச்சு. அன்று குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுங்கள். விண்டு உதிர்கிற ஷீட்டாக இருந்தால் பெயின்ட் காசு வீண், அதை மாற்றுவதுதான் வழி.

அப்புறம், சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே எலி வருகிறதென்று துணி அடைத்திருப்பீர்கள். எடுத்துவிட்டுக் கம்பி வலை அடியுங்கள், சூடு வெளியேற அந்த இடைவெளிதான் வழி. உள்ளே தெர்மாகோல் ஒட்டாதீர்கள். தீப்பொறி பட்டால் அவ்வளவுதான்.

இதையெல்லாம் அரசாங்கமே செய்து தரக் கூடாதா என்று கேட்பீர்கள். 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. செத்த பிறகு 4 லட்சம், இருக்கும்போது ஒரு டப்பா பெயின்ட்டுக்கு வார்டு வார்டாக அலைச்சல். அதிலும் சென்னை மாதிரி கடலோர ஊரில் 37 டிகிரியைத் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 கூடவும் இருக்க வேண்டும், அப்போதுதான் கணக்கில் வெப்ப அலை. அளப்பது எங்கே? நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும், வெள்ளை அடித்து நாலு பக்கமும் காற்று வரும்படி சட்டம் வைத்த மரப்பெட்டிக்குள். தெர்மாமீட்டருக்குக் கிடைத்த வீடு உங்கள் மாமியாருக்குக் கிடைக்கவில்லை.

அக்னி நட்சத்திரம் மே 4-இல் தொடங்கும், அதற்குள் இரண்டு கோட்டையும் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுபடி பாசி பிடித்துக் கறுக்கும். மாசியில் ஒருமுறை நனைத்துக் கழுவினால் போதும், வெள்ளை தெரியும் வரை புதுப் பூச்சு தேவையில்லை.