கடைசி 20 அடியில் காற்று விட்டுவிட்டால்

கேள்வி: மண்டபத்தில் மீன்பிடித் தொழில் செய்கிறேன். என் மகள் வெளியூரில் விமானிப் பயிற்சியில் இருக்கிறாள். போன வாரம் தனியாக ஓட்டிப் பழகும்போது, இறங்குகிற நேரத்தில் காற்று திடீரென மாறி, விமானம் தரையில் மோதித் துள்ளி முன்சக்கரம் முறிந்துவிட்டது. அவளுக்குக் காயம் இல்லை. “காற்று கீழே அடித்துத் தள்ளிவிட்டது” என்கிறாள். பயிற்சிப் பள்ளியில் “உன் தப்பு” என்கிறார்களாம். கட்டுப்பாட்டு டவரில் காற்று 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்) என்றுதான் சொன்னார்கள். என்ன நடந்திருக்கும்? மறுபடி பறக்கும்போது அவள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மகள் காயமில்லாமல் இறங்கி வந்தாளே, அதுவே பெரிய நிம்மதி. முறிந்த சக்கரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், காற்று அவளை அடித்துத் தள்ளவில்லை, தாங்கிக்கொண்டிருந்த காற்று சட்டென்று விட்டுவிட்டது என்றே நினைக்கிறேன். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இறக்கைக்குத் தரை தெரியாது. தன் மேல் ஓடுகிற காற்றின் வேகம் மட்டும்தான் தெரியும். செஸ்னா 172 மாதிரி ஒரு பயிற்சி விமானம் ஏறக்குறைய 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றுவேகத்தில் இறங்க வரும். எதிர்காற்று 20 நாட் என்றால், தரையைப் பொறுத்தவரை அது 45 நாட்டில்தான் நகர்கிறது. அந்த எதிர்காற்று ஒரு நொடியில் 5 நாட்டாகக் குறைந்தால், விமானம் அதே நொடியில் வேகம் பிடித்துவிடாது. காற்றுவேகம் 50 நாட்டுக்கு விழுந்துவிடும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் 65 ஐம்பதாகும்போது தூக்குவிசை ஏறக்குறைய அறுபது சதவீதமாகிறது. ஆயிரம் அடி உயரத்தில் என்றால் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தை மீட்டுவிடலாம். 20 அடியில் அதற்கு இடம் ஏது?

இது உங்களுக்குப் புதிதில்லை. பாய் விரித்த வல்லம் தீவின் மறைவுக்குள் நுழைந்ததும், விம்மி நின்ற பாய் ஒரு கணத்தில் தொய்ந்து படபடக்கும். வல்லத்தைக் கீழே தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. விமானத்துக்கு அந்தத் தண்ணீர் கிடையாது.

காற்று ஏன் அப்படி விடுகிறது? பனைமரக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள். மேலே ஓலை சலசலவென்று அடித்துக்கொள்ளும், காலடியில் மணல் அசையாது. ரன்வேயின் தொடக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால் இறங்குகிற விமானமும் மேல்காற்றிலிருந்து அந்த மறைவுக்குள்தான் நுழைகிறது. கடலோரத்தில் இன்னொன்றும் உண்டு. விடியற்காலையில் தரையிலிருந்து கடலுக்கு வீசிய காற்று, வெயில் ஏறியதும் திரும்பிக் கடலிலிருந்து தரைக்கு வீசும். அது திரும்புகிற சில நிமிடங்களில் எதிர்காற்று பின்காற்றாகக்கூட மாறிவிடலாம். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல் கொந்தளிக்க வடகடல் குளம் மாதிரி கிடப்பதையும், வாடையில் (வடகிழக்குக் காற்று) அது தலைகீழாவதையும் பார்த்து வளர்ந்தவள் உங்கள் மகள். சில கிலோமீட்டர் அகலத் தரை, காற்றை எவ்வளவு மாற்றும் என்று அவளுக்குப் பாடம் எடுக்கவே தேவையில்லை. ஓடுதளத்தில் அதை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

மழைமேகம் பக்கத்தில் இருந்தால் கதை வேறு. மேகத்திலிருந்து கொட்டும் குளிர்காற்று தரையில் மோதி நாலாபக்கமும் விரியும். 1985 ஆகஸ்டில் அமெரிக்காவின் டாலஸில் ஒரு பெரிய பயணிகள் விமானமே இதில் சிக்கி விழுந்தது, 137 பேர் இறந்தார்கள். சின்ன விமானம் அந்தப் பக்கமே போகக் கூடாது.

டவர் சொன்ன 12 நாட் பொய்யில்லை. பொதுவாக அது கடந்த 2 நிமிடத்துச் சராசரி. ஒரு கணம் 20, அடுத்த கணம் 5 என்று வீசினாலும் சராசரி 12க்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

சரி, மகளின் பங்கு என்ன? இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலும் முதல் மோதலில் முன்சக்கரம் முறிவதில்லை. விமானம் துள்ளி எழும், பயத்தில் மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுப் பிடியை முன்னால் தள்ளுவோம், மூக்கு முதலில் குத்தும். இரண்டாவது, மூன்றாவது குத்தில்தான் முறியும். துள்ளிய உடனே த்ராட்டிலை, அதாவது இன்ஜின் விசையைக் கூட்டும் பிடியை, முழுக்கத் தள்ளி, மூக்கை அவசரமாகத் தூக்காமல் நேராகப் பிடித்து, வேகம் வந்தபின் ஃபிளாப்பை (இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கிய மடிப்பை) படிப்படியாக ஏற்றிக்கொண்டு மேலே போய்விட வேண்டும். இதுதான் கோ-அரவுண்ட். நான் பயிற்சியில் இருந்தபோது இரண்டாவது துள்ளலில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்ட்ரக்டர் என் கைமேல் தன் கையை வைத்து த்ராட்டிலைத் தள்ளினார். அந்த அழுத்தம் இன்னும் என் விரலில் இருக்கிறது. என் மாணவர் யாரும், சக்கரம் தரையில் நிதானமாக உருளும்வரை த்ராட்டிலிலிருந்து கையை எடுக்க நான் விட்டதில்லை.

மறுபடி பறக்கும்போது முதல் சில தடவை இன்ஸ்ட்ரக்டருடன், வெயில் ஏறுவதற்கு முன் போகட்டும். காற்று விட்டு விட்டு வீசினால், உச்ச வேகத்துக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை இறங்கும் வேகத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 12 நாட், உச்சம் 22 என்றால் 65க்குப் பதில் 70. அதற்கு மேல் கூட்டினால் விமானம் தரையிறங்காமல் மிதந்துகொண்டே போகும், அது வேறு தொல்லை. கடைசித் திருப்பத்தில் ஒரு தடவை, ரன்வேக்கு மேல் ஒரு தடவை காற்றுப்பையை (காற்றின் திசை காட்ட ரன்வே ஓரத்தில் கம்பத்தில் கட்டியிருக்கும் துணிப்பை) பார்க்க வேண்டும். இரண்டும் வேறு திசை காட்டினால் யோசிக்கவே வேண்டாம், கோ-அரவுண்ட்.

“உன் தப்பு” என்ற பேச்சைப் பொறுத்தவரை, சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13வது இணைப்பு, விபத்து விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே, யார்மேலும் பழி போடுவது இல்லை என்கிறது. அதனால் மகள் தயங்காமல், துள்ளியபோது கை என்ன செய்தது என்பது உட்பட, நினைவு மங்குவதற்குள் எல்லாவற்றையும் எழுதி வைக்கட்டும். அப்புறம், டவர் பேச்சின் ஒலிப்பதிவையும் அந்த நேரத்துக் காற்றுப் பதிவையும் பாதுகாத்து வைக்கும்படி பள்ளி மூலம் எழுத்தில் கேளுங்கள். ஒலிப்பதிவை 30 நாள் வைத்திருந்தால் போதும் என்பதுதான் சர்வதேச விதி, அதற்குப் பிறகு அழித்துவிடலாம். ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.