மாமியின் யன்னல்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஈரானின் யஸ்த் நகரில் 40 பாகை வெயிலையே மேலே வீசும் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் காற்றுக் கோபுரங்கள் கட்டிச் சமாளித்தார்களாம். நாங்கள் கொழும்பில் 32 பாகைக்கே துவண்டுபோகிறோம். நம் உடம்பு கெட்டுவிட்டதா? ஏப்ரலில் சூரியன் உச்சிக்கு வருவதுதான் காரணமா? எங்கள் மாமி (78 வயது) இரவில் தூங்குவதே இல்லை. டெங்குக்குப் பயந்து அவர் அறை யன்னலைப் பூட்டியே வைத்திருக்கிறோம். ஏசி வாங்கலாமா என்று யோசனை.

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

உடம்பு கெட்ட கதையை விடுங்கள். அது என்னைப் போன்ற கிழவர்கள் பொழுதுபோகாமல் பேசுவது. சூரியன் உச்சிக்கு வருவதும் வருஷாவருஷம் பேப்பரில் வருவதுதான்.

யஸ்தின் காற்று வறண்டது. வேர்வை உடனே காய்ந்து உடம்பைக் குளிர்த்திவிடும். இரவில் சூடு நன்றாக இறங்கும். மொட்டை மாடியில் படுத்துக்கொள்வார்கள். கொழும்பில் அந்தக் கோபுரத்தைக் கட்டினால் புறாதான் குடியிருக்கும். இங்கே காற்றே ஈரம், வேர்வை காயாமல் வழிகிறது. சித்திரையில் இரவுகூட 25 பாகைக்குக் கீழே இறங்க மனமில்லாமல் நிற்கும். காற்று ஓடினால்தான் நமக்கு உயிர்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய வீட்டில் ஒவ்வொரு கதவு நிலைக்கும் மேலே பூ செதுக்கிய மரச்சட்டம் இருந்தது. கதவைப் பூட்டினாலும் அந்தத் துளைகளால் காற்று போய் வரும். அம்மாவின் அறைக்கு ஏசி பூட்டியபோது, குளிர் வெளியே போகிறது என்று நான்தான் அதில் பிளைவூட் அடித்தேன். கரண்ட் பில்லுக்குப் பயந்து அம்மா இரவில் ஏசியை நிறுத்திவிடுவார். என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் விடியற்காலை தண்ணீர் குடிக்கப் போனால், குசினிப் பின்கதவடியில் பாயைப் போட்டு, வாசற்படியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார். “இங்கதான் மோனே கொஞ்சம் காத்து வருது” என்றார். அந்தப் பலகையைக் கழற்ற எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அப்போது அம்மா இல்லை.

டெங்குக்குப் பயந்தாம்! டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிப்பது. இரவில் யன்னலைப் பூட்டி யாரைக் காப்பாற்றுகிறீர்கள்? வயதானவர்களுக்கு வேர்வை குறைவு, தாகமும் சரியாகத் தெரியாது. 2003இல் பிரான்ஸில் வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். ‘மாமி ஒன்றும் சொல்லவில்லையே’ என்று அடுத்த கடிதத்தில் எழுதாதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

சரி, ஏசி. வசதியிருந்தால் வாங்குங்கள், நான் எதிரியில்லை. அதற்கு முதல் அந்த யன்னலுக்கு நுளம்பு வலை அடியுங்கள். ஹார்ட்வெயார் கடையில் அளந்து வெட்டித் தருவார்கள். காற்று வெளியே போக எதிர்க் கதவையும் திறந்து வையுங்கள். இன்றைக்கு இரவு ஒரு மணிக்கு எழும்பி, மாமி எங்கே படுத்திருக்கிறார் என்று போய்ப் பாருங்கள்.