உள்தள்ளலை நம்பும் தமிழ் நிரல்மொழிக்கு இலக்கணம் எழுதுவது எப்படி?

கேள்வி: பினாங்கில் தமிழ்ப்பள்ளி மாணவர்களின் வார இறுதி வகுப்புக்காகத் தமிழ்ச் சொற்களில் ஒரு சிறு நிரல்மொழி செய்கிறேன். எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் வருவது போலத் தொகுதியை மூட ‘முடி’ வேண்டாம், பைத்தான் மாதிரி உள்தள்ளலே (வரியின் முன்னால் இடம் விடுவதே) போதும். இலக்கண விதிகளைக் கொடுத்தால் நிரலைப் படித்துப் பிரிக்கும் லார்க் என்ற பைத்தான் நூலகத்தில் எழுதுகிறேன். இலக்கண விதிக்குள் ஸ்பேஸ்களை எப்படி எண்ணுவது?

பதில்:

விதிக்குள் எண்ண வேண்டாம். ஒரு தொகுதியின் எல்லா வரிகளும் ஒரே அளவு உள்ளே தள்ளியிருக்க வேண்டும் என்பதைச் சூழல்சாரா இலக்கணத்தால் (லார்க்கில் எழுதும் விதிகள் இந்த வகைதான்) சொல்லவே முடியாது. எண்ணும் வேலையை, நிரலை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக வெட்டும் லெக்சரிடம் விட்டுவிடுங்கள். அந்தத் துண்டுகளை விதிகளோடு பொருத்தும் பார்சருக்கு ‘உள்’, ‘வெளி’ என்று இரண்டு டோக்கன்கள் போய்ச் சேர்ந்தால் போதும். அதன் பார்வையில் அவை வெறும் திறப்பும் அடைப்பும்தான்.

லெக்சர் ஓர் எண் அடுக்கை வைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் அதில் 0 மட்டும். புதிய வரி வரும்போதெல்லாம் முன்னால் உள்ள ஸ்பேஸ்களை எண்ணி, அடுக்கின் உச்சியோடு ஒப்பிட வேண்டும். கூடுதலாக இருந்தால் அந்த எண்ணை அடுக்கில் ஏற்றி ஓர் ‘உள்’. சமம் என்றால் ஒன்றுமில்லை. குறைந்தால் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘வெளி’. அடுக்கில் 0, 4, 8 இருக்கையில் 6 ஸ்பேஸோடு ஒரு வரி வந்தால், 8 போய்விடும், உச்சியில் நிற்பது 4. ஆறும் நான்கும் பொருந்தாததால் அங்கேயே பிழை சொல்லிவிடுங்கள். மாணவர் எந்தத் தொகுதியை நினைத்தார் என்று நிரல் ஊகிக்கக் கூடாது.

விலை > 10 எனில்:
    சொல் "கூடுதல்"
இல்லையேல்:
    சொல் "பத்து வெள்ளிக்குள்"

இதில் ‘இல்லையேல்’ வருவதற்கு முன் டோக்கன்கள் ‘புதுவரி’, ‘வெளி’ என்ற வரிசையில் வர வேண்டும். இந்த வரிசை மாறினால் விதிகள் எதுவும் ஒட்டாது. விதிகள் இவ்வளவுதான் (‘கூற்று’ என்பது ஒரு கட்டளை, ‘கோவை’ என்பது மதிப்பு தரும் தொடர்; + என்றால் ஒன்றோ பலவோ, ? என்றால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, | என்றால் அல்லது):

தொகுதி : புதுவரி உள் கூற்று+ வெளி
கூற்று : கோவை "எனில்" ":" தொகுதி மற்றது?
       | "சொல்" கோவை புதுவரி
       | கோவை புதுவரி
மற்றது : "இல்லையேல்" ":" தொகுதி

எளிய கூற்றுதான் தன் புதுவரியை விழுங்குகிறது, ‘எனில்’ கூற்று விழுங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். அது ‘வெளி’யோடு முடிந்துவிடும். பலர் எல்லாக் கூற்றுக்கும் பின்னால் பொதுவாகப் புதுவரி கேட்டு எழுதிவிட்டு, தொகுதி முடிந்த அடுத்த வரியில் ஏன் பிழை வருகிறது என்று தேடுவார்கள்.

தமிழில் நிபந்தனை முதலில் வந்து ‘எனில்’ பின்னால் வருவதால், கையால் மேலிருந்து கீழாகப் பார்சர் எழுதுகிறவர் முதல் சொல்லைப் பார்த்து எந்தக் கூற்று என்று முடிவெடுக்க முடியாது. கோவையை முழுதாகப் படித்த பிறகுதான் பிரிய வேண்டும். கீழிருந்து மேலாகப் பிரிக்கும் எல்ஏஎல்ஆர் முறைக்கு இது சிக்கலே இல்லை. லார்க்கிலும் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், வேறொரு காரணத்துக்காக: மேலே சொன்ன அடுக்கு வேலையைச் செய்யும் லார்க்கின் இண்டென்டர் லெக்சருக்குப் பின்னால் உட்காருவது. லார்க் இயல்பாக எடுத்துக்கொள்ளும் எர்லி என்ற இன்னொரு பிரிப்பு முறையின், துண்டுகளை முன்கூட்டி வெட்டாத டைனமிக் லெக்சரோடு அது ஓடாது.

இண்டென்டர், புதுவரி டோக்கனில் கடைசி வரிமுறிப்புக்குப் பின் உள்ள ஸ்பேஸை மட்டும் எண்ணும். ஆகவே வெற்று வரிகளும் குறிப்பு வரிகளும் ஒரே புதுவரி டோக்கனுக்குள் அடங்கும்படி அதன் வடிவத்தை எழுதுங்கள். இல்லாவிட்டால் இடது ஓரத்தில் கிடக்கும் ஒரு குறிப்பு, தொகுதியை நடுவில் அறுத்துவிடும். கோப்பின் கடைசி வரிக்கு வரிமுறிப்பு இல்லாமல் போவதும் சகஜம். படிப்பதற்கு முன் நீங்களே ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும்வரை புதுவரி, உள், வெளி எதையும் வெளியிடக் கூடாது. நீளமான பட்டியலைப் பல வரிகளில் எழுத இது வேண்டும். இதன் கெட்ட பக்கம்: மூடாத ஓர் அடைப்புக்குறி பின்வரும் வரிகளையும் விழுங்கிவிட்டு, பிழையை வேறொரு வரியில் காட்டும். திறந்த குறி ஒவ்வொன்றின் வரி எண்ணையும் வைத்திருந்து அந்த வரியைச் சொல்லுங்கள்.

டேப்? பைத்தான் 3 அதை 8 என்று ஒரு முறை, 1 என்று ஒரு முறை கணக்கிட்டு, இரண்டும் முரண்பட்டால் பிழை சொல்கிறது. சிறுவர் மொழிக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை, வரி முன்னால் டேப் வந்தாலே மறுத்துவிடலாம். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும், வரி முறியாமல் தடுக்கும் உடையா ஸ்பேஸுக்கும் தனிப் பிழைச்செய்தி வையுங்கள். கண்ணுக்கு அது சாதாரண ஸ்பேஸ் போலவே தெரியும்.

ஹாஸ்கெல் நிரல்மொழி போல வரியின் நடுவில் தொகுதியைத் தொடங்க விடாதீர்கள். அங்கே அடுத்த வரி முதல் சொல்லுக்கு நேர்கீழே நிற்க வேண்டும். ‘கொ’ திரையில் பிடிக்கும் அகலம் வேறு, அதற்குள் உள்ள யூனிகோடு குறியெண்களின் எண்ணிக்கை வேறு. அந்தக் குறியெண்களும் இரண்டாகவோ மூன்றாகவோ வரலாம் என்பதால், படித்தவுடன், ஒரே எழுத்துக்கு ஒரே குறியெண் வரிசை தரும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுங்கள். வரியின் முன்னால் உள்ள ஸ்பேஸை மட்டும் எண்ணினால் இந்தத் தலைவலி உள்தள்ளலைத் தொடாது.

மாறிப் பெயரில் மட்டும் எட்டிப் பார்க்கும். பைத்தானின் வழக்கமான ‘சொல் எழுத்து’ ரெகெக்ஸ் (\w என்ற தேடல் வடிவம்), உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. ‘விலை’யில் ‘வ’வை மட்டும் பிடித்துவிட்டு நின்றுவிடும். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் வரம்பாகவே கொடுங்கள், பெயரின் முதல் எழுத்தாகத் தமிழ் எண்கள் வருவதை மட்டும் தடுத்துவிட்டு.