கலைப் புகைப்படம் என்றால் என்ன? சாதாரணப் படத்திலிருந்து அது எங்கே விலகுகிறது?

கண்ணெதிரே இருந்ததைப் பதிவு செய்வதோடு நிற்காமல், எடுத்தவர் அதை எப்படி உணர்ந்தார் என்பதைக் காட்டுவதற்காகவே உருவாக்கப்படும் படம் கலைப் புகைப்படம். ஒரு வீட்டை விற்க வந்த தரகர் சதுர அடியையும் அறைகளையும் சொல்வார். அதே வீட்டில் வளர்ந்தவர் மாலை வெயில் விழும் படிக்கட்டைப் பற்றிப் பேசுவார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

இந்த வேறுபாடு ஏன்? கேமராவுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. எதிரே வந்த அனைத்தையும் வாரிக்கொள்ளும். எதை விடுவது, எதை இருளில் தள்ளுவது என்பதெல்லாம் எடுப்பவர் பாடு.

1927இல் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டர் (லென்ஸின் முன் மாட்டும் வண்ணக் கண்ணாடி) போட்டுக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். தான் உணர்ந்த கம்பீரம் அதில் வராது என்று தோன்றவே, படம் பதியும் கண்ணாடித் தகடுகளில் மிஞ்சியிருந்த கடைசி ஒன்றுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுத்துவிடும். ஆகவே பகல் வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகி, பாறையின் முகம் ஓங்கி நின்றது. எடுப்பதற்கு முன்பே அச்சுப்படத்தை மனத்தில் பார்த்துவிடும் இந்தப் பழக்கம்தான், என் கணக்கில், இக்கலையின் பாதி. மீதி அச்சிடும் பொறுமையில் இருக்கிறது. (லென்ஸின் விலையில் இருப்பதாகக் கடைக்காரர்கள் சொல்வார்கள்.)

பலர் நினைப்பதுபோல், கறுப்பு வெள்ளையாக்கினாலோ மங்கலாக்கினாலோ ஒரு படம் கலைப்படம் ஆகிவிடாது; பெயர்பெற்ற கலைப்படங்கள் பல வண்ணத்தில், ஊசிமுனைத் தெளிவோடுதான் இருக்கின்றன.