எபிரேய வேதத்தில் நீதிமான் என்பவர் யார்?

தேவனுக்குப் பயப்படும் நீதிமானை எபிரேய வேதம் (கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்பது) எவ்வாறு அடையாளம் காட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழை அடகு வைத்த போர்வையைப் பொழுது சாயும்போது திருப்பிக் கொடுத்தால், அவன் அதைப் போர்த்துப் படுத்து உன்னை வாழ்த்துவான், அது உனக்கு நீதியாகும் என்கிறது உபாகமம் 24. காது கேளாதவரைச் சபிக்காதே, பார்வையற்றவர் முன் தடுக்கலை வைக்காதே என்னும் லேவியராகமம் 19, அடுத்த மூச்சிலேயே 'உன் தேவனுக்குப் பயந்திரு' என்று சேர்ப்பதுதான் என் மனத்தை மிகவும் தொட்ட இடம். சாபம் அவர் காதில் விழாது, தடுக்கலை வைத்த கை இவர் கண்ணில் படாது, ஆகவே அங்கே ஒருவனைத் தடுக்க வல்லது தேவபயம் ஒன்றே. வேலைக்காரனின் வழக்கைத் தான் அசட்டை செய்யாததற்கு, தன்னைக் கருவில் உருவாக்கியவரே அவனையும் உருவாக்கினார் என்று அவ்வேதத்தின் யோபு நூலில் யோபு காரணம் சொல்கிறார். தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணையிட்டதில் தவறாதவனைச் சங்கீதம் 15 நீதிமான்களோடு சேர்க்கிறது.