கடற்கரைக்கு எப்போ கிளம்பலாம்? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

காவேரிப்பட்டணத்திலிருந்து: அண்ணா, அரையாண்டு லீவில் பிள்ளைகளோடு பாண்டிச்சேரி, மகாபலிபுரம் போகலாமா? மழை இருக்குமா?

பதில்: டிசம்பர் கடைசி வாரத்தை நம்பி ரூம் போடாதீர்கள். 2011இல் தானே புயல் டிசம்பர் 30ஆம் தேதிதான் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கரையேறியது. நம் ஊரில் ஆவணி, புரட்டாசியிலேயே இடியோடு கொட்டிவிடும். கடலோரம் அப்படியில்லை. சென்னையில் வருடத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை என்றால், பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையில் பெய்துவிடும். பொங்கல் கழித்துப் போங்கள். பகலில் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், ராத்திரி மெல்லிய குளிர். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம்.

பாலக்கோட்டிலிருந்து: நவம்பரில் ராமேஸ்வரம்?

பதில்: அங்கேயும் அதே வடகிழக்குப் பருவமழைதான். மேலே படிக்கவும்.

ஓசூரிலிருந்து: மே மாதம் மெரினா போனால் கடல்காற்றில் குளுகுளுவென்று இருக்கும் என்கிறார் வீட்டுக்காரம்மா.

பதில்: ஓசூரில் இருந்துகொண்டு குளிர் தேடி சென்னைக்கா! அங்கே மே மாதப் பகல் 37, 38 டிகிரி. தருமபுரியிலும் வெயில் கொளுத்தும், ஆனால் துண்டை உதறிக் கொடியில் போட்டால் டீ குடித்து வருவதற்குள் காய்ந்துவிடும். சென்னை லாட்ஜில் ராத்திரி போட்ட துண்டு காலையிலும் பிசுபிசுக்கும். உடம்பு வியர்வையும் அப்படித்தான், காயாது. கடல்காற்று வழக்கமாக மதியத்தையொட்டி உள்ளே வரும். மேற்குக் காற்று பலமாக அடித்தால் அதை வரவிடாது, அன்றைக்குத்தான் 40ஐத் தாண்டும். நாலு மணிக்கு மேல் போங்கள். மலிவாக மீன் கிடைக்கும் என்றும் எண்ணாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்.

அரூரிலிருந்து: சராசரியெல்லாம் கப்சா சார். போன நவம்பரில் மூன்று நாள் பாண்டிச்சேரியில் இருந்தேன், ஒரு சொட்டு இல்லை.

பதில்: நவம்பர் முழுக்க தினமும் மழை பெய்யும் என்று யார் சொன்னது? உங்களுக்கு வாய்த்தது மழை விட்ட நாள்கள். சென்னையின் நவம்பர் சராசரி 400 மி.மீ.யை ஒட்டி வரும். 2015 நவம்பரில் ஆயிரத்தைத் தாண்டியது. அடுத்த வருடமே தமிழகத்தில் பருவமழை 62 சதவீதம் குறைவு. இப்படி முப்பது வருடத்தைக் கூட்டி வகுத்ததுதான் சராசரி. உங்கள் டிக்கெட் தேதிக்கு அது ஜாமீன் நிற்காது.

ஊத்தங்கரையிலிருந்து: அரூர் அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையேறியது. எங்களுக்கு ஒரே நாளில் 503 மி.மீ.! பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தியிருந்த வேன்கள் வெள்ளத்தில் போயின.

அரூரிலிருந்து: அது புயல். அதையெல்லாம் சராசரியில் சேர்ப்பார்களா?

பதில்: சேர்க்காமல்? வடகிழக்கு மழையில் பெரும்பங்கைக் கொண்டுவருவதே புயலும் தாழ்வு மண்டலமும்தான். அதைக் கழித்தால் கணக்கில் என்ன மிஞ்சும்? ஃபெஞ்சல் கரையில் நின்று நின்று நகர்ந்ததால்தான் நம் ஊர் வரை கொட்டியது. அரூரிலும் 30 செ.மீ.க்கு மேல், மறந்துவிட்டதா?

பென்னாகரத்திலிருந்து: ஒகேனக்கலில் பரிசல் ஓடுமா?

பதில்: கர்நாடகத்தில் திறக்கும் தண்ணீரைப் பொறுத்தது. கலெக்டர் அறிவிப்பைப் பாருங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: ஜூலையில் கன்னியாகுமரி போகலாமா?

பதில்: போகலாம். காற்றும் தூறலும் இருக்கும், கடல் கொந்தளித்தால் பாறைக்குப் படகு விடமாட்டார்கள். தென்கடலில் மழை, காற்று இல்லாத நாளிலும் அலை திடீரென எழும். கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். காவிரியில் நீந்திய தைரியத்தைக் கடலில் காட்டாதீர்கள். முழங்கால்தான் எல்லை.

மொரப்பூரிலிருந்து: டிசம்பரில் பாண்டிச்சேரியில் மழை வருமா சார்?

பதில்: காவேரிப்பட்டணத்துக்காரரைக் கேளுங்கள்.