கூட்டம் நடத்தித் தருவது எப்படி? கேள்வி பதில்

1989-இல் தமிழக அரசின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் தொடங்கிய தருமபுரி மாவட்டத்தில்தான் நானும் கூட்டம் நடத்தித் தரும் இந்தத் தொழிலைக் கற்றேன். இப்போது கம்பெனிகளுக்கும் போகிறேன். கேளுங்கள்.

அக்கா, குழுவில் இரண்டே பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள்.

பேசுகிறவரை அடக்கப் போகாதீர்கள், பகைதான் மிஞ்சும். இரண்டிரண்டு பேராக ஐந்து நிமிடம் பேசவிட்டு, பிறகு பொதுவில் கேளுங்கள். ஜோடி சேர்க்கும்போது மட்டும் கவனம். ஒருமுறை தெரியாமல் மாமியாரையும் மருமகளையும் சேர்த்து உட்கார வைத்துவிட்டேன். அந்தப் பெண் அன்று சாயங்காலம் வரை வாய் திறக்கவில்லை.

ஊர் வரைபடம் போட சார்ட் பேப்பர் நல்லதா, தரை நல்லதா?

தரைதான். சார்ட்டில் மார்க்கரோடு நான் நின்றால் எல்லோரும் என் கையையே பார்ப்பார்கள். ஒரு ஊரில் கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. அப்புறம் ஒரு பாட்டி குந்தி உட்கார்ந்து தெருவை இழுத்து, ஒரு குழாயையும் போட்டார். இன்னொருத்தி வந்து குழாயைக் காலால் அழித்தாள்: "இதுல எங்க தண்ணி வருது? இத எதுக்குப் போடுற?" சார்ட்டில் இருந்திருந்தால் அந்தக் குழாய் அப்படியே இருந்திருக்கும். ஊர்க்காரர்களே வரைந்து பேசும் இந்த மாதிரி பங்கேற்பு முறைகளைப் பரவலாக்கிய ராபர்ட் சேம்பர்ஸ் இதைத்தான் குச்சியைக் கைமாற்றுவது என்பார். கைமாற்றிய பிறகு திரும்பப் பிடுங்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

மேடம், முதலாளி உட்கார்ந்திருந்தால் ஊழியர்கள் பேசமாட்டேன் என்கிறார்களே?

அவரைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள். முதல் நாளே தனியாகச் சொல்லிவிட வேண்டும். சபையில் சொன்னால் முகம் சுண்டிப்போகும்.

கிராம சபையில் கைகலப்பு வரும்போல இருந்தால்?

அங்கே தலைமை ஊராட்சித் தலைவர். உதவிக்குப் போன நாம் நாட்டாமை செய்யக் கூடாது. கத்துகிறவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே போர்டில் எழுதி, "இதுதானே அண்ணே சொன்னீங்க?" என்று கேட்டால் போதும். பாதிச் சூடு இறங்கிவிடும்.

தயாரிப்புக்கு எவ்வளவு நேரம்?

ஒரு நாள் கூட்டத்துக்கு எனக்கு இரண்டு நாள். ஃபேன் சத்தம் போடுகிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதும் அதில் சேர்த்தி.

நீங்கள் சறுக்கிய இடம்?

தீர்மான நோட்டு. "கால்நடை சார்ந்த வாழ்வாதார மேம்பாடு" என்று அழகாக எழுதினேன். அடுத்த மாதம் படித்துக் காட்டியபோது, இது எந்த ஊர்த் தீர்மானம் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது மழைக்கு ஒழுகாத ஆட்டுக் கொட்டகை.